பின்னால் இழுத்தால் மேலே

ஏப்ரல் 7, செவ்வாய்

பார்த்தது: சமையல் போட்டி. ஆடியது: ஒன்றுமில்லை. கை வலிக்கிறது. போதும்.

ஏப்ரல் 8, புதன்

டாக்டருக்கு இது போதாதாம். தினமும் நாலு வரியாவது வேண்டுமாம். இதோ ஒன்று. இதோ இரண்டு. மூன்றாவது வரியில் பேனா நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துவிட்டேன், இது நாலு.

ஏப்ரல் 10, வெள்ளி

முறையாக எழுதச் சொல்லிவிட்டார்கள், எழுதித் தொலைக்கிறேன். என் பெயர் ஜெனோவா. வயது நாற்பத்தொன்று. தூத்துக்குடியில் ஒரு தனியார் கன்டெய்னர் முனையத்தில் யார்டு கிரேன் ஓட்டுகிறேன். ஆறு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு லாரியில் வரும் பெட்டிகளைத் தூக்கி அடுக்குவதும், அடுக்கியதைத் தூக்கி லாரியில் வைப்பதும்தான் வேலை. பதினெட்டு ஆபரேட்டர்களில் பெண் நான் ஒருத்திதான். பிப்ரவரி பதினொன்றாம் தேதி ஷிஃப்ட் முடிந்து ஏணியில் இறங்கும்போது விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. ஏணிப்படியில் கிரீஸ் இருந்ததாக அறிக்கை சொல்கிறது. உள்ளே தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். கட்டைப் பிரித்தபோது கை கருவாடு மாதிரி இருந்தது. கட்டைவிரல் மடங்கவே இல்லை.

மே 20 அன்று முனையத்தின் சிமுலேட்டர் அறையில் எனக்குப் பரீட்சை. தேறினால் என் மூன்றாம் நம்பர் கிரேன். தேறாவிட்டால் கன்ட்ரோல் ரூமில் ஒரு நாற்காலி. டிரெயினிங் ஆபீசர் கனகவேல் சார் போனில், "ஏசி ரூம்மா. ஏணி ஏற வேண்டாம், வெயில் கிடையாது. நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கோங்க" என்றார். நல்லதாம்! அந்த ஏசியை அவரே வைத்துக்கொள்ளட்டும். பதினொரு வருஷம் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது வேண்டும்.

பிசியோதெரபி டாக்டர் சுபிதா சின்னப் பெண், ஆனால் பிடித்தால் விடாது. இரண்டு வேலை கொடுத்திருக்கிறது. தினமும் அரை மணி நேரம் வீடியோ கேம் ஆட வேண்டும், கட்டைவிரலுக்கு. பிறகு வலது கையால் எழுத வேண்டும், மற்ற விரல்களுக்கு.

"எதப் பத்தி எழுதச் சொல்லுதீங்க? எனக்கு எழுத ஒண்ணும் கெடையாது" என்றேன்.

"டிவில என்ன பாத்தீங்க, என்ன கேம் ஆடினீங்க, அதப் பத்தி உங்களுக்கு என்ன தோணுச்சு. அத எழுதுங்கக்கா. பத்துக்கு மார்க்கும் போடுங்க."

சமையல் போட்டிக்கு மூன்று மார்க். கரண்டியைப் பிடித்துக்கொண்டு எதற்கு அழ வேண்டும்? உப்புக் கூடினால் தண்ணீரை ஊற்று, அவ்வளவுதானே.

ஏப்ரல் 13, திங்கள்

பார்த்தது: எட்டு வீட்டு மருமகள் சீரியல், 401-ஆம் பகுதி. என் வீட்டுக்காரர் கிளாடுவின் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசிலிருந்து ஏழேகாலுக்கு வந்து, முகம் கழுவி, ஏழரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஷிஃப்டில் இருந்தவரை இந்த அநியாயம் எனக்குத் தெரியாது. இப்போது கூட உட்கார வேண்டியிருக்கிறது.

கதை இதுதான். சந்தனா என்று ஒரு மருமகள். மாமியாரின் அட்டிகையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்க் கிணற்றில் தவறவிட்டுவிட்டாள். பழி டிரைவர் மாணிக்கத்தின் மேல் விழுந்து, அவனை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள். இவள் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கிறாள். உடனே இடி இடிக்கிறது. அடுத்த நாள் மறுபடி வாயைத் திறக்கிறாள். போன் அடிக்கிறது. இப்படியே ஒன்றரை வருஷமாம்!

"சொல்லித் தொலையேன்டி!" என்று கத்திவிட்டேன்.

"ஏட்டி, மெதுவா. அவளுக்குப் பயமா இருக்கும்லா" என்றார் இவர்.

"என்ன பயம்? ஒரு வார்த்த. நாந்தான் தொலச்சேன்னு ஒரே ஒரு வார்த்த."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். ஒரு மார்க்.

ஏப்ரல் 14, செவ்வாய்

விடுமுறை. கேம் பெட்டியைத் திறந்தாயிற்று. பெட்டி என் கொழுந்தன் பிரிட்டோவுடையது. அவன் கப்பலில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போது ஆடுவதற்காக எங்கள் அலமாரியில் போட்டு வைத்திருக்கிறான். கப்பலிலிருந்து பதில் அனுப்பினான்: "மைனி, ஆடுங்க. வானத் தபால்ல ஆரம்பிங்க, அது ஈசி."

ஈசியாம். வானத் தபால் என்பது ஒரு குட்டி விமானத்தில் தீவு தீவாகக் கடிதம் கொண்டு போகிற விளையாட்டு. மொத்தம் பன்னிரண்டு தீவு. விமானம் கிளம்பியது. மேலே போக வேண்டும். கைப்பிடியில் இருக்கிற குச்சியைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்தேன். விமானம் நேராகக் கடலுக்குள் போனது. மறுபடி கிளம்பினேன். இழுத்தேன். கடல். ஒன்பது முறை கடல்.

கிரேனில் வலது குச்சியைப் பின்னால் இழுத்தால் பெட்டி மேலே வரும். முன்னால் தள்ளினால் கீழே இறங்கும். உலகத்தில் எந்தக் கிரேனுக்கும் அதுதான் சட்டம். இந்த விளையாட்டைச் செய்தவனுக்கு அது தெரியவில்லை. முன்னால் தள்ளினால் மேலேயாம், இழுத்தால் கீழேயாம்.

இவர் எதையோ நோண்டிப் பார்த்துவிட்டு, "ஜெனோ, இதுல தலைகீழா மாத்திக்கலாம்னு போட்டிருக்கு. மாத்தட்டா?" என்றார்.

"ஒண்ணும் மாத்த வேண்டாம். மெஷினுக்கு ஏத்த மாதிரி கைதான் மாறணும். மெஷினா நமக்காக மாறும்?"

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. கட்டைவிரல் இப்போது தனியாகத் துடிக்கிறது. இரண்டு மார்க், அதுவும் கடல் நீலமாக இருந்ததற்காக.

ஏப்ரல் 17, வெள்ளி

ஆடியது: விவசாய விளையாட்டு. முள்ளங்கி நட்டேன். தண்ணீர் ஊற்றினேன். முள்ளங்கி பிடுங்கினேன். வீட்டு வேலைக்கே ஆள் இல்லை, இதில் இது வேறா? மார்க் கிடையாது.

ஏப்ரல் 19, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது வாசலில் பால்துரை நின்றிருந்தான். முனையத்தில் கிரேன்களைப் பராமரிக்கிற பிட்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல வேலைக்காரன். கையில் ஒரு பை ஆரஞ்சு.

"இப்ப எப்படிக்கா இருக்கு? விரல் மடங்குதா?"

"மடங்குது, மடங்குது. நீ எப்படி இருக்க?"

"எனக்கென்னக்கா. மெமோ குடுத்து கிரேன் பக்கமே வரக் கூடாதுன்னுட்டாவ. இப்ப டிரெயினிங் பில்டிங்ல இருக்கேன். அந்த சிமுலேட்டருக்கு வயர் மாட்டணும், தூசி தட்டணும். வேற வேலை கெடையாது." ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்தான். "அன்னைக்குக் காலையில நல்லாத் தொடச்ச மாதிரிதான்க்கா ஞாபகம். மூணாவது படி விட்டுப்போச்சு போல. என்னாலதானக்கா உங்களுக்கு இப்படி ஆயிட்டு. மன்னிச்சிருங்க."

நான் காப்பி போட எழுந்து போய்விட்டேன்.

ஆரஞ்சு புளிப்பு. இன்று எதுவும் பார்க்கவில்லை, ஆடவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

பார்த்தது: தமிழில் பேசும் கொரிய நாடகம். மழையில் ஒருவன் இரண்டு பகுதியாகக் குடை பிடித்துக்கொண்டே நிற்கிறான். அவளுக்குக் காய்ச்சல் வருகிறது, அவனுக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கஞ்சியைப் பார்த்தபோது எனக்கே பசித்தது. நாலு மார்க்.

வானத் தபாலில் மூன்றாவது தீவு. கட்டைவிரல் தானாக முன்னால் தள்ளத் தொடங்கியிருக்கிறது. யோசிக்க வேண்டியதில்லை.

மே 2, சனி

சமையலறையில் என் டிபன் கேரியர் மேல் தட்டில் இருந்தது. பிப்ரவரியிலிருந்து அதைப் பார்க்கவே இல்லை. அடித்தட்டு முழுக்க நசுங்கியிருந்தது, இப்போது நிமிர்ந்திருக்கிறது. இவர்தான் பாத்திரக்கடையில் கொடுத்துத் தட்டி வாங்கியிருக்க வேண்டும். எப்படி நசுங்கியது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சந்தனா இன்று மாமியார் அறை வாசல் வரைக்கும் போனாள். கரண்ட் போய்விட்டது. கதையில்தான், எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு இவளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. தெருவில் நிற்கிறானே அந்த மாணிக்கம், அவனுக்கு என்ன பதில்? இதற்கெல்லாம் மார்க் போட்டால் எனக்குத்தான் கேவலம்.

மே 11, திங்கள்

ஜெயித்துவிட்டேன்! பன்னிரண்டு தீவும் முடிந்தது!

கடைசித் தீவில் புயல். காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரு கலங்கரை விளக்கத்துக்கும் மலைக்கும் நடுவில் புகுந்து, கடிதப் பையைச் சரியாக மாடியில் போட வேண்டும். பிரிட்டோ அதில் ஆறு மாசம் மாட்டிக்கொண்டு கிடந்தானாம். நான் நான்கே நாளில் போட்டேன். காற்றுக்கு எதிராக மல்லுக்கட்டக் கூடாது. அது தள்ளுகிற பக்கமே கொஞ்சம் போய்விட்டு, அது ஓய்கிற நேரம் பார்த்துத் திரும்ப வேண்டும். கிரேனில் தொங்கி ஆடுகிற பெட்டியை நிறுத்துவதும் இப்படித்தான். எனக்குத் தெரிந்த வேலை அது.

இவர் சோபா மேல் ஏறி நின்று கைதட்டினார். கப்பலிலிருந்து பிரிட்டோ, "மைனி, நீங்க தெய்வம்" என்று அனுப்பினான். டாக்டரிடம் போய்க் கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடியைத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தது, வலிக்கும் என்பதைக்கூட மறந்துவிட்டது.

ஆறு மார்க். ஏழு போடலாம். ஆனால் அந்தக் குச்சி விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மே 19, செவ்வாய்

நாளைக்கு. சட்டை இஸ்திரி போட்டாயிற்று. பார்த்தது, ஆடியது ஒன்றுமில்லை. தூங்கப் போகிறேன்.

மே 20, புதன்

தோல்வி.

மே 21, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. கை வலியால் இல்லை.

சிமுலேட்டர் என்பது கூண்டு மாதிரியே ஒரு நாற்காலி. இரண்டு பக்கமும் அசல் குச்சிகள். சுற்றிலும் திரை. இருபது நிமிஷத்தில் பத்துப் பெட்டி எடுத்து வைக்க வேண்டும். உட்கார்ந்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது, ஊருக்குத் திரும்பி வந்த மாதிரி. இரண்டு பெட்டியை யோசித்து யோசித்து மெதுவாக வைத்தேன். மூன்றாவது பெட்டி லாரிக்கு நேர் மேலே தொங்குகிறது. லாரி கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அவசரமாகப் பெட்டியை மேலே தூக்க வேண்டும்.

முன்னால் தள்ளினேன்.

வானத் தபாலில் மேலே போவதற்குத் தள்ளுகிற மாதிரியே தள்ளினேன். முப்பது டன் நேராக லாரி மேல் இறங்கியது. திரை முழுக்கச் சிவப்பு. திரையில் இருப்பது பொம்மை லாரிதான். ஆனால் நான் இரண்டு கையையும் குச்சிகளிலிருந்து எடுத்துவிட்டேன். பதினொரு வருஷத்தில் ஒரு லாரியின் கண்ணாடியைக்கூட நான் உரசியதில்லை.

கனகவேல் சார் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனுஷர், அதுதான் பிரச்சினை. குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஜெனோவா, எனக்கென்னமோ ஸ்டிக்ல லூஸ் கான்டாக்ட் மாதிரி தெரியுது. அப்படியே எழுதிருவோம். டெஸ்ட்டே நடக்கலைன்னு ஆயிரும். அடுத்த மாசம் புதுசா வச்சுக்கலாம்."

"ஸ்டிக்க யாரு சார் பாக்குறது?"

"பால்துரைதான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு. இன்னொண்ணு போனா என்ன பெருசா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பால்துரை நின்றிருந்தான். ஒரு கையில் தூசி தட்டும் துணி. எனக்காக வேண்டிக்கொள்கிற மாதிரி இன்னொரு கையை நெஞ்சில் வைத்திருந்தான்.

"ஸ்டிக் நல்லாத்தான் சார் இருக்கு" என்றேன். "நாந்தான் மாத்தித் தள்ளிட்டேன். என் தப்புன்னே எழுதுங்க."

"எழுதினா ஒரே ஒரு சான்ஸ்தான் இருக்கு. இருபத்தேழாம் தேதி. அதுவும் போச்சுன்னா கன்ட்ரோல் ரூம்தான்."

"எழுதுங்க சார்."

எழுதினார். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். பரீட்சைக்காக என்றுதான் முதலில் நினைத்தேன்.

இப்போது அதையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி ஏணியில் கிரீஸும் இல்லை, என் கால் வழுக்கவும் இல்லை. ஏணியில் இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். மூன்று பிடி விதி. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் தோள்பையில்தான் போக வேண்டும். அன்று பையின் ஜிப் பிய்ந்துவிட்டது. டிபன் கேரியரை வலது கையில் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடைசி ஐந்தாறு படியில் கேரியர் ஏணிக் கம்பியில் இடித்தது. விழுந்துவிட்டேன். அவ்வளவுதான்.

மூன்றாம் படியில் கிரீஸ் இருந்தது என்று அவர்களாகவே எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. வலது கையில் கட்டு இருந்ததால் இடது கை ரேகை வைத்தேன். நான் பொய் சொல்லவில்லை, வெறும் ரேகைதான் வைத்தேன் என்று மூன்று மாசமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சந்தனாவைத் திட்டத் திட்ட எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் இவர் வந்ததும் சொன்னேன். ஏழரை மணிக்கு டிவியைப் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்டி" என்றார். "உன் வலது கைச் சட்டை பூரா சாம்பார். வெறுங்கையோட ஏணி எறங்குனவளுக்கு அங்க எப்படி சாம்பார் வரும்?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். நீ என்ன நானூறு எபிசோடா இழுக்கப் போற?"

சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தது, அசிங்கம்.

மே 22, வெள்ளி

காலையில் உட்கார்ந்து பாதுகாப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். வலது கையால். ஏப்ரலில் நாலு வரிக்கு உயிர் போன கை. கீழே கையெழுத்துப் போட்டேன், ரேகை இல்லை.

கனகவேல் சார் வாசலிலேயே மறித்தார். "இருபத்தேழு முடியட்டும், அப்புறம் குடுங்களேன். இத வாசிச்சா ரெண்டாவது சான்ஸே வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?"

"சொல்லட்டும் சார். தேறின பெறவு குடுத்தா அதுக்குப் பேரு வேற."

கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. அதையும் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

மே 23, சனி

வானத் தபாலை முதல் தீவிலிருந்து. "இங்கேருங்க, அந்தத் தலைகீழ் விஷயத்த மாத்துங்க" என்றேன் இவரிடம். அவர் உடனே மாற்றிக் கொடுத்தார். ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் சகிக்க முடியவில்லை.

இழுத்தால் மேலே. தள்ளினால் கீழே. மறுபடியும் பதினான்கு முறை கடல்.

மே 24, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து நாலு தீவு. டாக்டர் சொன்ன அரை மணி இன்று மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. திட்டு வாங்க வேண்டும்.

இவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். மூன்று முறை மலையில் மோதினார். கப்பலில் சரக்கு ஏற்றப் பேப்பர் எழுதுகிறவர் சரக்கை ஓட்டினால் இப்படித்தான்.

மே 25, திங்கள்

விசாரணை. பாதுகாப்பு அதிகாரி ஒரு கண்டிப்பான அம்மாள், பெயர் லலிதாங்கி. கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"மூணு மாசம் ஏன் சொல்லல?"

"பயம் மேடம். சீட்டு போயிரும்னு பயம்."

"இப்ப அந்தப் பயம் இல்லையா?"

"இருக்கு மேடம். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

கடிதத்தைப் பைலுக்குள் வைத்தார். பிறகு முடிவைச் சொன்னார். பால்துரையின் மெமோ ரத்து, நாளை மறுநாளிலிருந்து அவன் கிரேன் பக்கம் வரலாம். எனக்கு மெமோ. பரீட்சை நடக்கும். "இங்க தானா வந்து எழுதிக் குடுத்தவங்கள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அதுக்காகத்தான். தேறினா, மாசம் ஒரு தடவ புதுசா வர்றவங்களுக்கு ஏணி கிளாஸ் நீங்கதான் எடுக்கணும். விழுந்த கதையோட."

"எடுக்குதேன் மேடம். டிபன் கேரியரையும் கொண்டு வாரேன்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பைலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெளியே பால்துரை நின்றிருந்தான். நான் சொல்ல வாயைத் திறந்தேன். இடி இடிக்கவில்லை, போன் அடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. நியாயம்தான்.

"நான் தெனமும் படுக்கையில கெடந்து அந்த மூணாவது படியத் தொடச்சேனா தொடைக்கலையான்னு யோசிச்சிட்டுக் கெடந்தேன்க்கா" என்றான்.

"தொடச்சிருக்க பால்துரை. நீ தொடச்சிருக்க."

அவன் திரும்பி உள்ளே போய்விட்டான்.

மே 26, செவ்வாய்

பன்னிரண்டாவது தீவு. முதல் முயற்சியிலேயே. தலைகீழாக.

மே 27, புதன்

பதினாறு நிமிஷத்தில் பத்துப் பெட்டி!

இருபதில் இல்லை, பதினாறில். ஒரு பெட்டிகூட உரசவில்லை. ஏழாவது பெட்டியில் கனகவேல் சார் வேண்டுமென்றே சிமுலேட்டரில் காற்றின் வேகத்தை ஏற்றிவிட்டார், எனக்குத் தெரியும். பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடியது. கை தானாக ஆட்டத்தோடு கொஞ்சம் போனது, நின்றது, திரும்பியது. பெட்டி அப்படியே அசையாமல் தொங்கியது. எட்டாவது பெட்டியின்போது அன்றைக்கு நகர்ந்த மாதிரியே லாரி நகர்ந்தது. யோசிக்கவே இல்லை. இழுத்தேன். மேலே வந்தது. வா ராசா, வா என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எழுந்தபோது கனகவேல் சார் கைகொடுக்க வந்தார். வலது கையை நீட்டினேன். மூன்று மாசத்தில் முதல் தடவையாக ஒருவர் கையை அழுத்திப் பிடித்தேன். "அம்மா, கைய விடுங்க, வலிக்குது" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துணியோடு யாரும் இல்லை. பால்துரை கிரேனுக்குப் போய்விட்டானாம். அவன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டரிடம் சொன்னதும் அந்தப் பெண் கிளினிக்கில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "என் பேஷன்ட் பாஸ்!" என்று கத்தியது. பிரிட்டோவுக்குச் செய்தி போய்விட்டது. இவர் சர்ச்சுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வரும் வழியில் கோழி வாங்கி வந்தார். நான் சமைக்கவில்லை. சாப்பிட்டேன்.

ஜூன் 1, திங்கள்

காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு மூன்றாம் நம்பர் கிரேன் அடியில் நின்றேன். புதுத் தோள்பை. அதில் தண்ணீர் பாட்டில், கண்ணாடி, கைக்குட்டை. டிபன் கேரியர் மட்டும் அதற்குள் நுழையவில்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை மேலே யாரோ பார்த்துவிட்டார்கள்.

"அக்கா! அத அங்கேயே வைங்க!"

பால்துரை. ஏணியின் மேல் தட்டில் கிரீஸ் துணியோடு நின்றான். ஒரு கயிற்றைக் கீழே விட்டான். நுனியில் ஒரு வாளி கட்டியிருந்தது. கேரியரை வாளிக்குள் வைத்தேன். இரண்டு கையாலும் இழுத்தான். கேரியர் ஆடாமல் அசையாமல் ஆறு மாடி போனது.

"இனிமே உங்க சாப்பாடு இப்படித்தான் வரும்" என்று மேலிருந்து கத்தினான். "மூணாவது படிய இன்னைக்கு ரெண்டு தடவ தொடச்சிருக்கேன். பாத்துக்கிடுங்க!"

"பாத்துக்கிட்டேன்!" என்று நானும் கத்தினேன். என் குரல் உடைந்தது. உடையட்டும்.

ஏறினேன். இரண்டு கையும் காலி. ஒவ்வொரு கம்பியையும் நன்றாகப் பிடித்துப் பிடித்து ஏறினேன். மூன்றாவது படியில் கொஞ்சம் நின்றேன். சுத்தமாகத்தான் இருந்தது. மேலே போனதும் அவன் வாளியிலிருந்து கேரியரை எடுத்துக் கையில் கொடுத்து, "இன்னைக்கு என்னக்கா கொழம்பு?" என்றான். மன்னித்துவிட்டான் போல. மதியம் பாதி மீன் குழம்பு அவனுக்குத்தான்.

முதல் லாரி வந்தது. நாற்பதடிப் பெட்டி, இருபத்தெட்டு டன். கூண்டில் வெயில் அடித்தது, கடல் தெரிந்தது. வலது கையால் குச்சியைப் பின்னால் இழுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சந்தனா 443-ஆம் பகுதியில் வாயைத் திறந்துகொண்டிருந்தாள். பூனை குறுக்கே ஓடியது. "பாவம், விடுங்க, அவளுக்கும் நேரம் வரும்" என்றேன். இவர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

டாக்டர் இனி எழுத வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். இது நானாக எழுதுவது.

பார்த்தது: மேலேயிருந்து கடல். ஆடியது: மூன்றாம் நம்பர் கிரேன், நூற்றுப் பன்னிரண்டு பெட்டி.

பத்துக்குப் பத்து.